வாழவந்தி நண்பருக்கு, மகளின் படிப்பு குறித்து

அன்புள்ள நண்பருக்கு,

துகள் இயற்பியல்தான் படிப்பேன் என்று உங்கள் மகள் பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அது என்ன வேலை, நம் பக்கத்தில் யாராவது செய்கிறார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்கிறார்கள். எழுபது ஆண்டுகளாக, உங்கள் சேர்வராயன் மலையைப் போன்ற இன்னொரு மலையில்.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள் பிறக்கிறது. உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று அதைத் துளைத்துப் போகும். நஞ்சன்கூட்டில் பிறந்த பி. வி. ஸ்ரீகாந்தன், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து இளைஞராக 1951-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில் கருவிகளோடு இறங்கினார். ஆழம் போகப் போக மியூவான் எவ்வளவு குறைகிறது என்று எண்ணுவதே வேலை. பத்தாண்டுகள் கழித்து அந்நிறுவனத்து ஆய்வாளர்கள் 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் கருவியை வைத்தார்கள். இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மேலிருந்து எதுவும் வராத இடத்தில், பக்கவாட்டில் ஒரு துகள் வந்தால் அது, பாறையையும் ஊடுருவக்கூடிய நியூட்ரினோ என்ற துகள் பாறையில் மோதிப் பிறந்ததாகத்தான் இருக்கும். ஜப்பானிய, ஆங்கிலேயக் குழுக்களோடு சேர்ந்து, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைச் சுவர்போல நிறுத்தினார்கள். 1965-ல் அப்படி ஒரு பக்கவாட்டுத் துகள் வந்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் பிடித்தார்கள். முதலில் அச்சேறியது கோலார்க் கட்டுரை.

அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளிகள். நுரையீரலைத் தூசிக்குக் கொடுத்து அவர்கள் தோண்டிய ஆழம் இல்லையென்றால் இந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. நம் பாடநூல்களில் இது இடம்பெற வேண்டும்.

முதலில் நான் சொன்ன மலை ஊட்டி. அங்கே இப்போது நடப்பது கிரேப்ஸ்-3 ஆய்வு. கான்கிரீட் கூரைக்கடியில் மியூவான்களை எண்ணும் ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712. கோலாரிலிருந்து வந்தவையும் அவற்றில் உண்டு. குழாய்க்குள் நுண்ணிய டங்ஸ்டன் கம்பி கட்டுவது, வாயு நிரப்புவது, கசிவு பார்ப்பது, நாளுக்கு 400 கோடி மியூவான்களின் கணக்கைச் சரிபார்ப்பது என்று வேலை ஓயாது. கைத்திறனும் பொறுமையும் கணக்கும் சேர்ந்த வேலை.

ஏற்காட்டு இடியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம் வந்தபோது மியூவான் எண்ணிக்கை சற்றே சரிந்தது. அந்தச் சரிவை வைத்து மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். அவ்வளவு இருக்கும் என்று அதுவரை யாரும் அளந்து காட்டியதில்லை.

வருமானம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. முனைவர் பட்ட ஆய்வுக்கு மாத உதவித்தொகை உண்டு. ஆனால் நிலையான வேலை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதை அவளிடம் மறைக்காதீர்கள். தெரிந்தும் இதுதான் வேண்டும் என்றால், தடுக்காமல் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.