புகை அடங்கிய தணலும் ஆளைக் கொல்லும்



மழை பிடித்துவிட்டால் நமது லயங்களில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிடுகிறோம். பிள்ளை பெற்றவள் படுக்கும் காம்பிராவிலும் வயசாளிகள் படுக்கும் இடத்திலும் தணல் சட்டி வைக்கிற வழக்கமும் உண்டு. "புகை அடங்கிருச்சி, இனி ஒண்ணும் செய்யாது" என்று சொல்வதை நாங்கள் பல லயங்களில் கேட்டிருக்கிறோம். இது தவறான எண்ணம்.

புகை கண்ணை எரிக்கும். நாமே எழும்பி வெளியே போவோம். ஆனால் கரித் தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இது நமது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். மூளைக்கும் இருதயத்துக்கும் ஒட்சிசன் கிடைக்காமல், தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துபோகலாம். வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் பெரிய ஆபத்து.

2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் கொடைக்கானலில், கோழி சுட்ட கரியடுப்பை விடுதி அறைக்குள் வைத்துத் தூங்கிய இருவர் இறந்தார்கள். 2018 டிசம்பரில் தென்கொரியாவின் காங்நுங் நகரில், விடுதியொன்றின் கொதிகலன் புகைக்குழாய் கழன்றிருந்ததால் 10 மாணவர்களில் 3 பேர் இறந்தார்கள். அங்கே எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை.

இந்த வாயு கூடினால் சத்தம் போட்டு எழுப்பும் கருவி உண்டு. இங்கிலாந்தில் விறகு, கரி எரிக்கும் அறையுள்ள தனியார் வாடகை வீடுகளில் 2015 முதல் அது சட்டப்படி கட்டாயம். எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் விடுதிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஆட்கள் தங்கும் இடங்களில் இக்கருவி வைக்கும்படி நாமும் கேட்க வேண்டும்.

அதுவரை வீட்டில் கவனிக்க வேண்டியவை:

1. தணல் சட்டியோடு ஒருபோதும் தூங்க வேண்டாம். படுக்குமுன் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

2. அனகி அடுப்புக்கு விறகு குறைவுதான். ஆனாலும் காற்றோட்டம் வேண்டும். புகைபோக்கியில் கரி அடைக்க விடாதீர்கள்.

3. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி வந்து, வெளியே போனதும் குறைந்தால் இந்த வாயுவைச் சந்தேகியுங்கள்.

4. எழுப்பியும் எழும்பாதவரை உடனே வெளியே தூக்கி வந்து, 1990 அம்புலன்சுக்கு அறிவியுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீரோ தேத்தண்ணியோ ஊற்றக்கூடாது. தணல் வைத்திருந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குளிருக்குக் கம்பளி போதும். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, பிள்ளைகளே, இதை வாசித்துக் காட்டுங்கள்.