மான்செராட் தீவும் அதன் எரிமலையும்

கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில் வில் போல் வளைந்து செல்லும் தீவு வரிசையில் மான்செராட் ஒன்றாகும். இது பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. பரப்பு ஏறத்தாழ 102 சதுர கிலோமீட்டர். 1493-ல் கொலம்பஸ் இதற்குப் பெயரிட்டார். 1632 முதல் ஐரிஷ்காரர் முதலிய ஐரோப்பியர் குடியேறினர். தோட்ட வேலைக்கென ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் சந்ததியாரே இன்றைய மக்களுள் பெரும்பாலோர்.

தீவின் தோற்றம்

இப்பகுதியில் அட்லாண்டிக் கடலடித் தட்டு, கரீபியத் தட்டின் கீழ் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் அமிழ்கின்றது. அமிழும் பாறையினின்று வெளிப்படும் நீர், மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகின்றது. அதனால் உண்டாகும் பாறைக்குழம்பு மேலெழுந்து எரிமலையாகின்றது. தீவின் வடக்கிலும் நடுவிலும் உள்ள குன்றுகள் அவிந்து தேய்ந்த பழைய எரிமலைகள். தெற்கிலுள்ள சூஃப்ரியேர் குன்றே இளையது.

1995-ம் ஆண்டு

குடியேற்றக் காலம் முதல் இக்குன்று வெடித்ததாகப் பதிவு இல்லை. ஆயினும் 1933–37, 1966–67 ஆகிய காலங்களில் தொடர்ந்து நில அதிர்ச்சிகள் நேர்ந்தன. இவை பாறைக்குழம்பின் அசைவைக் குறித்த எச்சரிக்கைகள் எனலாம். எனினும் தலைநகராகிய பிளிமத், குன்றின் மேற்கு அடிவாரத்திலேயே வளர்ந்தது.

1995 ஜூலை 18-ல் எரிமலை விழித்தது. இதன் குழம்பு மிகக் கெட்டியானது. ஆறாக ஓடாமல் வாயிலில் மேடாகக் குவியும். அம்மேடு சரியும்போது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறைத்துண்டுகளும் ஒன்றாகப் பள்ளத்தாக்குகளில் பாயும். ஓடித் தப்ப இயலாத வேகம் அது. 1997 ஜூன் 25-ல் அவ்வாறு பாய்ந்த பெருக்கில் 19 பேர் மாண்டனர். தடை செய்யப்பட்ட பகுதியில் தம் பயிர்களைப் பேணச் சென்றிருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆபத்தை அறிவித்தல் மட்டும் போதாது, வெளியேறியோருக்குப் பிழைக்கும் வழியும் வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

இன்றைய நிலை

பிளிமத் சாம்பலில் புதையுண்டு கைவிடப்பட்டது. முன்பு ஏறத்தாழ 11,000 ஆக இருந்த ஜனத்தொகை, 2011 கணக்கெடுப்பில் 5,000-க்கும் குறைந்தது. அரசு அலுவலகங்கள் வடக்கே பிரேட்ஸில் இயங்குகின்றன. புதிய விமான நிலையம் 2005-ல் திறக்கப்பட்டது. 2010 பிப்ரவரிக்குப் பின் பெருஞ்சரிவு இல்லை. எனினும் ஆய்வு நிலையத்தார் அதிர்ச்சி, வாயு, நிலத்தின் வீக்கம் ஆகியவற்றை இடையறாது அளந்து வருகின்றனர்.

ஆசிரியர்கள் இப்பாடத்துடன் அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவையும் தேசப்படத்தில் காட்டுதல் நலம். அங்கும் ஒரு தட்டின் கீழ் மற்றொன்று அமிழ்வதனாலேயே எரிமலை உண்டாயிற்று. ஆனால், அங்கே மக்கள் குடியிருப்பு இல்லை. இவ்வேறுபாட்டை மாணவர் உணர்ந்தால், இயற்கை நிகழ்ச்சி எப்போது பேரிடராகின்றது என்பது விளங்கும்.