முகம் இருண்டால் குற்றம் யாருடையது?

தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறீர்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கலாம் என்கிறார் அத்தை. வாசற்கதவு திறந்திருக்கிறது, வெளியே கோலமும் பூச்செடிகளும் அழகாக இருப்பதால், அவை தெரியும்படி வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறீர்கள். படத்தில் பூச்செடிகள் பளிச்சென்று தெரிகின்றன. முகங்களோ இருண்டு கிடக்கின்றன. "நான் கறுப்பு, எனக்குப் படம் எப்போதும் இப்படித்தான் விழும்" என்று ஒருவர் சொல்லிவிட்டு நகர்கிறார்.

அவர் சொன்னது தவறு. கோளாறு தோலில் இல்லை. நின்ற இடத்தில் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

கேமரா எப்படி அளக்கிறது?

கேமராவுக்கு எது முகம், எது வானம் என்ற அக்கறை அடிப்படையில் கிடையாது. காட்சி முழுவதிலிருந்தும் வரும் ஒளியை அளந்து, அதன் சராசரி நடுத்தர வெளிச்சமாக அமையும்படி ஒளியின் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும். பின்புலம் மிகப் பிரகாசமாக இருந்தால் ஒளியைக் குறைத்துவிடும். அப்போது முகமும் சேர்ந்து இருண்டுவிடுகிறது. இன்றைய கைப்பேசிகள் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு சரிசெய்கின்றன. ஆனாலும், போதிய ஒளி கிடைக்காத முகத்தைப் பின்னர் வெளிச்சமாக்கினால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியக்கூடும்.

இதில் வரலாறும் உண்டு. வண்ணப்படச் சுருள் காலத்தில், நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை வழங்கியது. அதன் பெயர் 'ஷெர்லி அட்டை'. பல ஆண்டுகள் அதில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படம்தான். வெவ்வேறு நிறத்தவர் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. கறுத்த முகங்கள் சரியாக விழாததற்கு அந்த முகங்கள் காரணமல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வெட்டவெளி ஏன் உதவாது?

அப்படியானால் நல்ல வெயிலில் நிற்கலாமே என்று தோன்றும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பகல் 1 மணியை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு வருகிறது. இந்த ஊர்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டின் எந்த நாளிலும் அந்த நேரத்தில் அது 60 டிகிரிக்கும் மேலே நிற்கும். ஒளி தலைக்கு மேலிருந்து விழும்போது புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும்.

அந்த நிழலின் விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். சூரியன் மிகப் பெரியது என்றாலும், நம் கண்ணுக்கு அதன் அகலம் சுமார் அரை டிகிரிதான். ஒளிமூலம் சிறிதாகத் தெரிந்தால் நிழல் கூர்மையாகும். மாறாக, 1 மீட்டர் அகலமுள்ள சன்னலுக்கு 1 மீட்டர் முன்னால் நின்றால், அந்தச் சன்னல் உங்களுக்கு ஏறத்தாழ 53 டிகிரி அகலமாகத் தெரியும். வெயில் நேரடியாக விழாத அந்தச் சன்னலில் ஒளி பல திசைகளிலிருந்தும் வருவதால் நிழல் மென்மையாகும்.

எங்கே நிற்கலாம்?

கூரையுள்ள, ஒரு பக்கம் திறந்த இடங்களைத் தேடுங்கள். பள்ளி நடைக்கூடம், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளம், பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை எல்லாம் பொருத்தமானவை. மேலிருந்து வரும் வெயிலைக் கூரை தடுக்கும். பக்கவாட்டிலிருந்து வான ஒளி முகத்தில் விழும். வெயில் படும் விளிம்பிலிருந்து ஓரிரு அடி உள்ளே நின்று, முகத்தை வெளிப்புறம் திருப்புங்கள். அதிகம் உள்ளே போகாதீர்கள். போகப் போக ஒளி வேகமாகக் குறையும்.

சுற்றியுள்ள நிறங்களையும் கவனியுங்கள். வெயில் படும் புல்தரை பச்சை ஒளியை முகவாய்க்கு அடியில் தெறிக்கும். சிவப்புச் சுவர் கன்னத்தைச் சிவப்பாக்கும். வெள்ளை அல்லது சாம்பல் நிறச் சுவர் இருந்தால் நல்லது.

செய்து பாருங்கள்

1. இருட்டான அறையில் ஒரு முட்டையை மேசைமேல் வையுங்கள். பக்கவாட்டிலிருந்து கைப்பேசியின் விளக்கை அடித்து, முட்டையின் நிழல் விளிம்பைப் பாருங்கள். பிறகு விளக்குக்கும் முட்டைக்கும் இடையில், முட்டைக்கு அருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இப்போது தாளே பெரிய ஒளிமூலமாகிவிடும். நிழல் எப்படி மாறியது?

2. படம் எடுக்கப் போகும் இடத்தில் உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உள்ளங்கையில் ஒளி சீராக விழும் திசை எதுவோ, அதுவே கேமரா நிற்க வேண்டிய திசை.

அத்தை வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். படம் எடுப்பவர் வாசலில் நிற்கட்டும். மற்றவர்கள் உள்ளே நின்று வாசலைப் பார்க்கட்டும். பூச்செடிகள் படத்தில் இருக்காது. ஆனால் "எனக்குப் படம் எப்போதும் இப்படித்தான்" என்றவரின் முகம் தெளிவாக இருக்கும். அவரிடம் காட்டுங்கள்.