தொங்கும் கதவும் திருப்புத்திறனும்

உங்கள் வகுப்பறைக் கதவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கீல் இருக்கும் பக்கம் சரியாகவே நிற்கும். எதிர்ப்பக்க முனை மட்டும் சற்றுத் தாழ்ந்து தரையில் உராயும். அதைக் கொஞ்சம் தூக்கித் திறக்க உங்கள் கை எப்போதோ பழகியிருக்கும். கதவு ஏன் எப்போதும் அந்தப் பக்கமே தொங்குகிறது? இதற்கான விடையை ஒரு பழைய காரின் கதவைக் கொண்டு காண்போம்.

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1932-ஆம் ஆண்டில் வி-8 எஞ்சின் பொருத்திய கார் ஒன்றைக் குறைந்த விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், கலிபோர்னியாவில் இளைஞர்கள் இந்தப் பழைய கார்களை வாங்கினார்கள். கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள், மட்கார்டுகளைக் கழற்றினார்கள், தம் விருப்பம்போல் உருமாற்றினார்கள். இன்றும் அந்தக் கார்களைப் புதுப்பித்து ஓட்டுவோர் உண்டு. தொண்ணூறு வயதைக் கடந்த அக்காரில் மிகுந்த பொறுமை வேண்டும் வேலைகளுள் ஒன்று, கதவைச் சுற்றிலும் ஒரே சீரான இடைவெளி அமையச் செய்வது. இடைவெளி எங்கும் 5 மி.மீ. இருந்தால் கண் அதைக் கவனிப்பதில்லை. மேலே 3, கீழே 6 என்றால் தெருக்கோடியிலிருந்தே தெரிந்துவிடும்!

கீலின் மேல் விழும் விசை

கணக்கின் எளிமைக்காக, கதவுக்கு இரண்டு கீல்கள் எனக் கொள்வோம். கதவின் நிறை 30 கிலோகிராம். நீளம் 100 செ.மீ.; அதன் புவியீர்ப்பு மையம் கீலிலிருந்து 50 செ.மீ. தொலைவில் உள்ளது. கீல்களுக்கு இடையே 40 செ.மீ.

கதவின் எடையால் தோன்றும் திருப்புத்திறன் 30 × 50 = 1500 கிலோகிராம்-எடை செ.மீ. இது கதவின் முனையைக் கீழ்நோக்கிச் சுழற்றப் பார்க்கிறது. இதை எதிர்த்து நிற்பவை இரு கீல்களின் கிடைவிசைகளே. மேல்கீல் தூணிலிருந்து வெளியே இழுக்கப்படுகிறது. கீழ்க்கீல் தூணை நோக்கி அழுத்தப்படுகிறது. ஒவ்வொரு விசையும் 1500 ÷ 40 = 37.5 கிலோகிராம்-எடை. கதவின் எடையைவிடக் கீலை இழுக்கும் விசை அதிகம் என்பது வியப்பாக இல்லையா?

இந்த விசை பல ஆண்டுகள் செயல்பட்டால் கீலின் ஊசி தேய்கிறது. ஒவ்வொரு கீலிலும் 0.5 மி.மீ. தேய்ந்தது என்போம். மேல்கீல் அரை மி.மீ. வெளியே வரும், கீழ்க்கீல் அரை மி.மீ. உள்ளே போகும், ஆக 40 செ.மீ. உயரத்தில் 1 மி.மீ. சாய்வு. 100 செ.மீ. தள்ளியிருக்கும் முனையில் இது 100/40 மடங்காகப் பெருகி 2.5 மி.மீ. தாழ்வாகத் தெரிகிறது. வடிவொத்த முக்கோணங்களைப் பற்றிக் கணக்குப் பாடத்தில் படித்தீர்களே, அதுதான் இது.

சரிசெய்யவும் அதே விகிதம் உதவுகிறது. கீழ்க்கீலுக்கும் தூணுக்கும் நடுவே 1 மி.மீ. தடிமனுள்ள ஷிம் தகட்டைச் செருகினால் முனை 2.5 மி.மீ. உயரும். ஆனால் முதலில் கதவின் முனையைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். அது மேலும் கீழும் ஆடினால் ஊசியை மாற்றுவதே முறை. தேய்ந்த கீலுக்குத் தகடு வைப்பது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது.

பொய் சொல்லும் நாதாங்கி

இங்கே ஓர் எச்சரிக்கை. கதவைச் சோதிக்கும்போது எதிர்த்தூணிலுள்ள நாதாங்கித் தகட்டையும், சுற்றியுள்ள ரப்பர் பட்டையையும் கழற்றிவிட வேண்டும். தொங்கும் கதவு மூடும்போது நாதாங்கியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; அது கதவைத் தாங்கிப் பிடிக்கும். மூடிய நிலையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் கீலின் குறை மறைந்தே இருக்கும். மூன்றாவது தாங்கியை நீக்கினால்தான் முதல் இரண்டின் உண்மை நிலை வெளிப்படும்.

காரே வளைந்தால்?

சில கார்களில் கீல்கள் புத்தம்புதியவையாக இருந்தும் கதவு பொருந்தாது. இக்காரின் உடற்பகுதி ஒரு தனி அடிச்சட்டத்தின் மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. அடிச்சட்டம் வளைந்தால் உடலும் வளையும். கதவு நிற்கும் வாசல் சாய்சதுரம்போல் ஆகிவிடும்.

இதைக் கண்டறிய மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். பக்கம் 100 செ.மீ. உள்ள சதுரத்தின் மேற்பக்கம் 5 மி.மீ. நகர்ந்தால், இரு மூலைவிட்டங்களும் ஏறக்குறைய 7 மி.மீ. வேறுபடும். பிழையை மூலைவிட்டம் பெரிதாக்கிக் காட்டுகிறது. காரின் வாசல் சரியான சதுரம் அன்று. ஆகவே இடப்பக்க வாசலின் மூலைவிட்டங்களை வலப்பக்க வாசலோடு ஒப்பிடுகிறார்கள்.

முன்தூணில் கீல் உள்ள காரில், அத்தூணின் அடியிலிருக்கும் போல்ட்டில் 1 மி.மீ. ஷிம் வைத்தால் என்ன ஆகும்? அதற்கு 50 செ.மீ. முன்னாலுள்ள போல்ட்டை மையமாகக் கொண்டு முன்பகுதி சற்றே சாயும். கதவின் முனை அந்த மையத்திலிருந்து 150 செ.மீ. தொலைவில் இருப்பதால், கணக்குப்படி அது 3 மி.மீ. உயரும். தொட்டது அடியில், அசைந்தது கதவு!

வெயிலும் வண்ணமும்

எஃகின் நீள்விரிவு எண் டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.000012. ஒரு மீட்டர் கதவு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை மி.மீ. நீளும். ஆனால் சுற்றியுள்ள உடலும் அதே எஃகு. அதுவும் உடன் நீளும். ஆகவே இரண்டின் வெப்பநிலை வேறுபாடே இடைவெளியை மாற்றும். வண்ணப்பூச்சோ அப்படியன்று. ஓரத்தில் 0.2 மி.மீ. பூசினால், எதிரோரத்தையும் சேர்த்து இடைவெளி 0.4 மி.மீ. குறைந்தே தீரும். பூசும் முன்பே இதற்கு இடம் விட வேண்டும்.

அறுக்கும் முன்

எதை முதலில் பொருத்துவது? அசைக்க முடியாததிலிருந்து அசைக்கக் கூடியதை நோக்கிச் செல்ல வேண்டும். முதலில் அடிச்சட்டமும் உடலும், பிறகு கதவு, அதன்பின் ரேடியேட்டரின் மேலோடு, கடைசியாகப் பானெட். கார் தன் சக்கரங்களின் மேல், எஞ்சினின் பளுவோடு நிற்கும்போதுதான் முடிவான அளவை எடுக்க வேண்டும். ஜாக்கியின் மேல் எடுத்த அளவு ஜாக்கிக்கு மட்டுமே பொருந்தும்.

கூரையைத் தாழ்த்த விரும்புவோர் தூண்களை அறுக்கும் முன், கதவு வாசல்களின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைக்கிறார்கள். கூரையும் தூண்களும் சேர்ந்தே வாசலின் வடிவைக் காத்து நிற்கின்றன. குழாய் இல்லாமல் அறுத்தால் அதுவரை அடங்கியிருந்த தகைவுகள் விடுபட்டு வாசல் நெளிந்துவிடும். அப்போது கதவு மூடவில்லையே என்று அதன் ஓரத்தை அரத்தால் ராவினால், தவறு இரண்டாகிவிடும். ஷிம் தகட்டை எடுத்துவிடலாம். ராவிய இரும்பை யார் திருப்பித் தருவார்? எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் இப்படி அவசரப்பட்டவர்களின் தவறுகளை இன்று புதுப்பிப்போர் மீண்டும் பற்றவைத்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

செய்து பாருங்கள்

தடித்த அட்டையில் 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. உயரமும் உள்ள ஒரு கதவு வெட்டுங்கள். ஒரு மரப்பலகையின் விளிம்பில் 8 செ.மீ. இடைவெளியில் இரு துணிக் கீல்களால் ஒட்டுங்கள். கீழ்க்கீலுக்கு அடியில் அஞ்சலட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, முனை எவ்வளவு உயர்கிறது என்று அளந்து குறியுங்கள். உங்கள் விகிதம் 20/8-க்கு அருகில் வருகிறதா?

இன்னொரு கேள்வி: நமது கார்க் கதவின் கீல்களை 40 செ.மீ.க்குப் பதில் 20 செ.மீ. இடைவெளியில் வைத்தால் ஒவ்வொரு கீலிலும் கிடைவிசை எவ்வளவு? விடையைக் கண்டபின் உங்கள் வகுப்பறைக் கதவின் கீல்கள் ஏன் அவ்வளவு தள்ளித் தள்ளி வைக்கப்பட்டுள்ளன என்பது உங்களுக்கே விளங்கும்.