கோங்க் மலையூரில் ஒரு நாள்



பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் இவ்வாண்டு பிரான்சு தேசத்திற்கு ஒரு நாள் உலா சென்று வந்தோம். பயணச்சீட்டும் இல்லை, கட்டுச்சோறும் இல்லை. வரலாறு கற்பிக்கும் சிஸ்டர் வகுப்பறைச் சுவரில் படங்களைக் காட்டினார். மேசை மேல் வரைபடம் ஒன்று விரிந்து கிடந்தது. அவ்வளவுதான். காலை மணி அடித்தது முதல் மாலை மணி அடிக்கும் வரை நாங்கள் கோங்க் என்னும் சிற்றூரில்தான் இருந்தோம்.

தென் பிரான்சில், அவெரோன் மாவட்டத்து மலைச்சரிவில், பலகைக் கல் வேய்ந்த கூரைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது இவ்வூர். கீழே தூர்தூ ஆறும் அதன் மேல் பழைய கற்பாலமும் உள்ளன. லெ பூய் நகரிலிருந்து புறப்பட்டு, ஸ்பெயின் நாட்டில் சந்தியாகப்பர் கல்லறைக்கு நடந்தே செல்லும் யாத்ரீகர்கள் இவ்வழியாகத்தான் போகிறார்கள். இக்கோவிலையும் பாலத்தையும் 1998-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

நாங்கள் காணச் சென்றது ரோமனெஸ்க் பாணிக் கட்டடங்களை. ஏறக்குறைய கி.பி. 1000 முதல் 1200 வரை ஐரோப்பாவில் செழித்த பாணி இது. அரைவட்ட வளைவுகள், தடித்த சுவர்கள், சிறிய சன்னல்கள் ஆகியவற்றால் இதனை அடையாளம் காணலாம். சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்று நாங்கள் கேட்டோம். சிஸ்டர் இரண்டு நோட்டுப் புத்தகங்களை மேசை மேல் கூடாரம்போல் சாய்த்து நிறுத்தினார். அடிப்பக்கம் வழுக்கி, இரண்டும் விழுந்தன. பிறகு இரு பக்கமும் ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றை வைத்தார், கூடாரம் நின்றது! பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற கற்கூரையும் அப்படித்தான் சுவர்களை வெளியே தள்ளுமாம். கோங்க் ஆலயத்தில் பக்க மாடங்களின் மேலுள்ள கால்வட்ட வளைவுகள் ஜாமெட்ரி பாக்ஸின் வேலையைச் செய்கின்றன. அதனால்தான் நடுக்கூடம் 22 மீட்டர் உயரத்திற்கு எழும்பி நிற்கிறது. மலைச்சரிவில் நீளமாகக் கட்ட இடமில்லை, உயரமாகக் கட்டிவிட்டார்கள்.

மேற்கு வாசலின் மேல் பொதுத்தீர்வைக் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் இது. மொத்தம் 124 உருவங்கள். பழைய வண்ணம் இன்னும் சில இடங்களில் ஒட்டியிருக்கிறது. நடுவில் ஆண்டவர். அவரது வலப்புறம் மோட்சம், இடப்புறம் நரகம். தேவமாதாவும் இராயப்பரும் முன்னே நடக்க, சார்லமேன் பேரரசரை ஒரு மடாதிபதி கையைப் பிடித்து அழைத்து வருகிறார். உண்மையைச் சொன்னால், நாங்கள் மோட்சத்தின் பக்கம் சிறிது நேரமே நின்றோம். நரகத்தில்தான் பார்க்க நிறைய இருந்தது! கஞ்சன் பணப்பை கழுத்தில் தொங்கத் தூக்கிலிடப்பட்டிருக்கிறான். கர்வம் பிடித்த வீரன் குதிரையிலிருந்து தலைகீழாக விழுகிறான். மிக்கேல் சம்மனசு ஆன்மாக்களை நிறுக்கும்போது, எதிரே நிற்கும் பசாசு தராசுத் தட்டை விரலால் அழுத்தி ஏமாற்றப் பார்க்கிறது. துறவியரைக் கூட ஒரு பசாசு வலைபோட்டுப் பிடித்திருக்கிறது. துறவியரின் கோவில் வாசலிலேயே இதைச் செதுக்க விட்டார்களே என்று ஒருத்தி கேட்டதற்கு, சிஸ்டரே முதலில் சிரித்தார்.

இந்த ஆலயம் ஒரு சிறுமிக்காகக் கட்டப்பட்டது. அவள் பெயர் புவா. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு விசுவாசம் என்று பொருள். அஜென் நகரில் ஏறத்தாழ கி.பி. 303-இல் வேதசாட்சியாக மரித்தபோது அவளுக்கு வயது பன்னிரண்டு என்பது மரபு. கோங்க் மடத்துத் துறவி ஒருவர் பல ஆண்டுகள் அஜென் நகரில் தங்கி, நம்பிக்கை பெற்று, அவளது திருப்பண்டத்தை 866-இல் இங்கே கொண்டுவந்து சேர்த்தாராம். கொண்டுவந்தது என்ன, திருட்டுத்தானே! நாங்கள் அப்படியேதான் சொன்னோம்.

மரத்தால் செய்து பொன் தகடு போர்த்திய அவளது சுரூபம் 85 சென்டிமீட்டர் உயரம். உடலெங்கும் இரத்தினக் கற்கள். இதைக் காண 1013-இல் பெர்னார் என்ற பள்ளி ஆசிரியர் ஆன்ஜே நகரிலிருந்து வந்தார். வழியில் ஓரியாக்கில் வேறொரு புனிதரின் பொற்சுரூபத்தைக் கண்டு, இது ஜூபிட்டரோ மார்ஸோ என்று நகைத்தவர் அவர். கோங்கிலும், பேச்சும் உணர்வும் இல்லாத ஒரு பொருளிடம் இத்தனை பேர் மன்றாடுகிறார்களே என்று உள்ளுக்குள் சிரித்தார். பிறகு மக்கள் கூறிய சாட்சிகளைக் கேட்டு மனம் மாறி, அவளது புதுமைகளை நூலாக எழுதினார். இது பலியிடும் விக்கிரகம் அன்று, வேதசாட்சியின் நினைவைப் போற்றும் உருவம் என்று அதிலே வாதாடினார்.

இங்கேதான் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பெர்னார் முதலில் நினைத்ததே சரி, ஏழைகளுக்குப் போகவேண்டிய பொன் இது என்றாள் ஒருத்தி. பாட்டியின் படத்திற்கு மாலை போடுகிறோமே, பாட்டி காகிதம் என்றா நினைக்கிறோம் என்றாள் இன்னொருத்தி. இருவரும் சாப்பாட்டு மணி வரை பேசிக்கொள்ளவில்லை. சிஸ்டர் தீர்ப்புச் சொல்லாமல், முகத்தை உற்றுப் பாருங்கள் என்றார். உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை! அது பழைய ரோமர் காலத்து ஆண் தலையாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுகிறார்களாம். பெர்னார் எழுதிய கதைகளிலோ புவா அசல் சிறுமி. கனவில் தோன்றி, துலூஸ் பிரபுவின் மனைவி ஆர்சிந்திடம் பொன் வளையல்களைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். வளையல் அணிய அனுமதி இல்லாத எங்களுக்கு இக்கதை மிகவும் பிடித்தது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசாங்கம் பொன்னைப் பறிமுதல் செய்யும் என்று அஞ்சி, ஊர் மக்கள் இப்பொக்கிஷத்தைத் தத்தம் இடங்களில் ஒளித்து வைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வறிய மலையூர் அது. ஏழைகளைப் பற்றிப் பேசியவள் இதைக் கேட்டு, “அவர்களே கொடுத்தார்களா?” என்று இருமுறை கேட்டாள். ஆலயம் பாழடைந்து கிடந்ததை 1837-இல் வந்து பார்த்த எழுத்தாளர் மெரிமே, அதைக் காக்க அரசின் உதவிக்கு வழிசெய்தார்.

கடைசிப் படம் சன்னல்களைப் பற்றியது. பக்கத்து நகரான ரொதேஸில் பிறந்த பியர் சூலாஜ், பள்ளி மாணவனாக இங்கு வந்தபோதே கலைஞனாக வேண்டும் என்று உறுதி கொண்டாராம். 1994-இல் முடிந்த 104 சன்னல்களும் அவர் அமைத்தவை. அவற்றில் வண்ணமே இல்லை. பாலில் நீர் கலந்தாற்போன்ற கண்ணாடி. வெயில் மாற மாற அதுவும் நிறம் மாறும். காலையில் எடுத்த படத்தையும் மாலையில் எடுத்ததையும் சிஸ்டர் அடுத்தடுத்துக் காட்டினார். ஒன்று நீலம், மற்றது செம்மஞ்சள். ஒரே சன்னல் என்பதை நாங்கள் நம்பவில்லை. இன்னொரு முறை காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே மாலை மணி அடித்துவிட்டது.