பான்கேக் மாவும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியும்

அமெரிக்காவில் காலை உணவாக உண்ணப்படும் பான்கேக், நம் நாட்டுக் கோதுமைத் தோசையை ஓரளவு ஒத்ததாகும். ஆயினும் அதன் மாவு இரவெல்லாம் புளிக்க வைக்கப்படுவதில்லை. 1889-ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்தில் தோன்றிய ஆயத்தக் கலவையில், சோடா உப்பும் ஓர் அமில உப்பும் உலர்ந்த நிலையில் மாவுடன் சேர்க்கப்பட்டிருந்தன. நீர் பட்டவுடன் இவையிரண்டும் வினைப்பட்டுக் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன, அடை உப்புகின்றது. பொட்டலத்தில் ஈரம் புகுந்தால் இவ்வினை முன்னரே நடந்து, மாவு பயனற்றதாகும். இது சிறு நஷ்டமே.

பெருங்கேடு வேறொன்று. வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களில், திறந்து வைத்த கோதுமை மாவில் சிற்றுண்ணிகள் பெருகுகின்றன. இவை ஏறத்தாழ மூன்றிலொரு மில்லிமீட்டர் நீளமே உடையவை. மாவின் நிறத்தோடு கலந்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை. தூசிச் சிற்றுண்ணி ஒவ்வாதவர்கள் இம்மாவாலான பண்டத்தை உண்டால், சிறிது நேரத்திற்குள் முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், சில வேளை உயிருக்கே ஆபத்து நேரிடலாம். வெனிசுலா நாட்டு மருத்துவர்கள் 1990-களில் இத்தகைய நோயாளிகள் பலரைப் பற்றி விவரித்துள்ளனர். அடுப்பில் சுடுவதால் ஒவ்வாமைப் பொருள் அழிவதில்லை என்பது கருதத்தக்கது.

நோயாளியும் உறவினரும் கோதுமையின்மீதே பழி சுமத்துவர். புதிய மாவில் செய்ததை அதே நபர் இடரின்றி உண்ணக்கூடும். ஆதலின் களப்பணியாளர், பொட்டலம் எப்பொழுது திறக்கப்பட்டது, எங்கே வைக்கப்பட்டிருந்தது என வினவுதல் வேண்டும். மூச்சுத் திணறுவோரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பித்த பின்னரே இவ்விசாரணை. மாவைச் சிறிதளவாக வாங்கி, இறுக மூடிய கலத்தில், இயன்றால் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் நலம்.