சிரித்துவிட்டு ஏன் மறைக்க வேண்டும்?

'மதகஜராஜா' பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் பலர், நாலு பேர் நடுவில் பேச்சு வந்தால் "சும்மா டைம் பாஸ்" என்று நழுவிவிடுகிறார்கள். நழுவ வேண்டாம். 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம் அது. பணச் சிக்கலில் முடங்கி, 12 ஆண்டு கழித்து 2025 ஜனவரி 12 அன்று வெளியானது. பழைய பாணி என்று தெரிந்தே ஜனங்கள் தியேட்டருக்கு வந்தார்கள், படம் ஜெயித்தது.

குறைகள் இல்லையா? நிறைய. வாத்தியார் வீட்டுக் கல்யாணத்தில் பள்ளித் தோழர்கள் கூடுகிறார்கள்; அவர்களில் இருவரை ஏமாற்றிய பெரும்புள்ளி சோனு சூட்; அவரோடு மோதுகிறார் விஷால். கதை இவ்வளவுதான். லாஜிக் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். இதை இயக்கிய சுந்தர் சி.யின் படத்தைக் கதையாகப் பார்க்காமல் காட்சி காட்சியாகப் பாருங்கள். 'உள்ளத்தை அள்ளித்தா' (1996) நாளிலிருந்தே அவர் பலம் அங்கேதான் இருக்கிறது.

"மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்" என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மூளையோடு பார்த்தால்தான் இதில் உள்ள உழைப்பு தெரியும். கதையில் செத்துப்போகும் நடிகர் மனோபாலாவை உயிரோடு இருப்பவராகக் காட்ட விஷாலும் சந்தானமும் படாத பாடு படும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றி இருப்பவர்கள் பதறப் பதற, பிணமாக நடிப்பவர் துளியும் அசையக்கூடாது. கண்ணிமை ஆடினால் காட்சி போச்சு. ஒல்லியான அந்த உடம்பைத் துணிமூட்டைபோல விட்டுக்கொடுத்து மனோபாலா சிரிக்க வைக்கிறார். 2023 மே மாதம் காலமான அவர், தியேட்டரில் அதற்குக் கிடைத்த கைதட்டலைக் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் மனக்குறை.

சண்டையில் அடியாட்கள் பறப்பதை மன்னிக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. உருவத்தைக் கேலி செய்யும் வசனமும், நாயகிகள் அஞ்சலியையும் வரலட்சுமியையும் கேமரா மேய்கிற விதமும் வேறு. பிள்ளைகளோடு பார்க்கிறீர்கள் என்றால், அந்த இடத்திலேயே "இது நல்லா இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்பிள்ளை முகம் சுளித்தால் "காமெடிதானே" என்று அடக்காதீர்கள். படம் பிடித்திருக்கிறது என்பதற்காக அதில் உள்ள எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்கத் தேவையில்லை.

இந்த மாதிரிப் படத்தைக் கைபேசியில் தனியாகப் பார்க்காதீர்கள். சிரிப்பு பக்கத்து சீட்டிலிருந்து தொற்றுவது. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறவர்களுக்கு மேட்னிதான் சரி. டவுன் வேலையை முடித்து, திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு டிக்கெட் எடுங்கள். தை மாதப் பனியில், இரண்டாம் ஆட்டம் முடிந்து பைக்கில் மலை ஏறுவது வேண்டவே வேண்டாம். எந்தப் படமும் அதற்குத் தகுதியில்லை.

வீட்டில் பார்ப்பதானால், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்திலேயே டவுன்லோடு செய்துகொண்டு மேலே போங்கள். முடிந்தால் டிவியில் இணைத்து அக்கம்பக்கத்தாரையும் கூப்பிடுங்கள். பாட்டு வரும்போது எழுந்து டீ போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே பார்த்தவர்கள் ஒன்றுமட்டும் செய்யுங்கள்: மனோபாலா காட்சி வரப்போகிறது என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.